நெடுஞ்சாலையில் விரைவுக் கார்



விரைவுக்கென்றே அமைக்கப்பெற்ற மோட்டார்க் கார் ஒன்றை நெடுந்தூரம் ஓட்டிச் செல்லவேண்டும் என்னும் ஆசை, பள்ளிவாசல்துறை போன்ற எமது கரையோர ஊர்களின் இளைஞரிடத்தும் இன்று வேரூன்றியுள்ளது. இவ்வாசையை வளர்த்தவை புதிய சாலைகளே. 2011 நவம்பரில் கொட்டாவைக்கும் காலிக்கும் இடையே தெற்கு அதிவேகப் பாதை திறக்கப்பட்டது. 2013 ஒக்டோபரில் கட்டுநாயக்கப் பாதை வந்தது. 2019 இல் வெளிச்சுற்றுப் பாதை இவ்விரண்டையும் இணைத்தது. 2020 பெப்ரவரியில் தெற்குப் பாதை அம்பாந்தோட்டை வரை நீண்டது. கட்டுநாயக்கவில் ஏறும் ஒருவர் இன்று ஒரு சந்தியிலேனும் நில்லாது தென்கோடிக் கரையை அடையலாம்.

ஆனால், கட்டுநாயக்கவை அடைவதற்கு முன்னர் நாம் கடக்கவேண்டிய வழி வேறு வகையானது. பாலாவிச் சந்தியிலிருந்து முந்தல், சிலாபம், மாதம்பை, மாரவில, வென்னப்புவ, நீர்கொழும்பு என்று ஊருக்குப்பின் ஊராகச் செல்லும் ஏறத்தாழ 100 கிலோமீற்றர்ச் சாலை அது. மரக்கறி லொறியும், முச்சக்கர வண்டியும், மீன்பெட்டி கட்டிய மோட்டார்ச் சைக்கிளும் ஒன்றாகச் செல்லும் பாதை. ஊர்களுக்குள் 50 கிலோமீற்றர், வெளியே 70 கிலோமீற்றர் என்பது கார்களுக்குரிய வேக எல்லை. அதிவேகப் பாதையின் உச்ச எல்லை 100 கிலோமீற்றர். 250 கிலோமீற்றர் வேகத்தில் ஓடவல்ல காரை வாங்கியவருக்கும் இவ்வெல்லைகளே என்பதை முதலிற் சொல்லிவைக்கிறேன்.

இதிலே கணக்கு ஒன்று உண்டு. வேகம் இருமடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் கார், ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு காலை வைக்கும் ஒரு வினாடியிலே 14 மீற்றர் ஓடிவிடும். பின்னர் நல்ல உலர்ந்த சாலையில் நிற்பதற்கு மேலும் ஏறத்தாழ 14 மீற்றர் வேண்டும். 100 கிலோமீற்றர் வேகத்தில் இவை முறையே 28, 55 மீற்றராகும். 140 இலோ இரண்டும் சேர்ந்து 147 மீற்றர்! விரைவுக் காரின் பிரேக் சாதாரணக் காரினதைவிட வலியது என்பது உண்மைதான். எனினும் அந்த முதல் வினாடி ஓட்டுநருடையது. அதனை எந்தத் தொழிற்சாலையும் குறைத்துத் தருவதில்லை.

இதனினும் நுட்பமான ஆபத்து ஒன்று முந்திச் செல்லுதலில் இருக்கிறது. நீர் 100 இலும் எதிரே வருபவர் 70 இலும் வந்தால், இருவருக்கும் இடையேயுள்ள வெளி ஒவ்வொரு வினாடியும் 47 மீற்றர் சுருங்கும். ஐந்து வினாடியில் 235 மீற்றர் மறைந்துபோகும். எதிரே வரும் முச்சக்கர வண்டிக்காரரோ, தாம் நாள்தோறும் காணும் வண்டிகளின் வேகத்தை வைத்தே உமது வேகத்தையும் மதிப்பிடுவார். அவர் தவறுகிறார் என்று சொல்லுதல் முறையன்று. அவர் பழக்கத்திற்குப் புறம்பான ஒன்றை நாமே அச்சாலைக்குக் கொண்டுவருகிறோம்.

வண்டியை எடுத்துக்கொள்வோம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் தொடங்கியது. ஆதலால் எம்மிடையே ஓடும் விரைவுக் கார்களிற் பல வயது முதிர்ந்தவை; வீட்டுக் கொட்டகையில் நெடுநாள் நின்றவையும் உண்டு. டயரின் பக்கத்திலே நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 3517 என்றிருந்தால், 2017 ஆம் ஆண்டின் 35 ஆவது வாரத்திற் செய்யப்பட்டதென்பது பொருள். பள்ளம் தேயாது புதியதுபோலத் தோன்றினும் றப்பர் உள்ளே இறுகி வெடித்திருக்கலாம். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுழற்சியிலும் மிகுதியாக நெளிந்து சூடேறும். அதிவேகப் பாதையில் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடும்போது அச்சூடே அதனைக் கிழித்துவிடும். காற்றைப் புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கையிலே அளக்கவேண்டும்.

பிரேக் எண்ணெயைப் பலரும் மறந்துவிடுகின்றனர். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிதாயிருக்கையில் 200 பாகை செல்சியசுக்கு மேலே கொதிக்கும் எண்ணெய், நீர் கலந்தபின் 140 அல்லது 150 பாகையிலேயே கொதிக்கக்கூடும். கண்டியிலிருந்து கடுகண்ணாவை இறக்கத்தில் வரும்போது இது நேர்ந்தால், மிதித்த கால் வெறுமையில் அமிழும். இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் அதனை மாற்றுதல் வேண்டும். கடலுக்கும் களப்புக்கும் நடுவே வாழும் நாம், காரின் அடிப்பாகத்தை நன்னீரால் அடிக்கடி கழுவுதலும் இன்றியமையாதது. உப்புக் காற்று பிரேக் குழாயைத் தின்பதை எவரும் குனிந்து பார்ப்பதில்லை. பெற்றோலைப் பற்றி ஒரு சொல்: 95 ஒக்ரேன் கேட்கும் எஞ்சினுக்கு 92 ஐ ஊற்றிச் சேமிப்பது சேமிப்பன்று.

1968 நவம்பரில் இலண்டனிலிருந்து சிட்னி வரை நடந்த மோட்டார்ப் போட்டியில் 98 வண்டிகள் புறப்பட்டன. பம்பாயை அடைந்தபோது முன்னணியில் நின்றது பந்தயத்திற்குப் பேர்போன லோட்டஸ் கோர்ட்டினா. அவுஸ்திரேலியாவில் அதன் எஞ்சின் பழுதாயிற்று. முடிவிடத்தை நெருங்கும் வேளையில் முதலில் வந்த சிட்ரோயன் வண்டி, போட்டியைச் சேராத ஒரு காருடன் மோதி நொறுங்கியது. வென்றது அன்ட்ரூ கவன் ஓட்டிய ஹில்மன் ஹன்டர் என்னும் குடும்பக் கார்!

திரும்பும் பயணத்தின் நேரத்தையும் எண்ணவேண்டும். இரண்டு மணிக்கு ஒருமுறை இறங்கி நடவாத ஓட்டுநரின் கண் திறந்திருக்கும், கருத்து உறங்கும். அனுராதபுரம் வழியாக இரவில் வருவோர் கருவலகஸ்வெவப் பகுதியில் யானைகளை எதிர்நோக்கவேண்டும். பாலாவியிலிருந்து கற்பிட்டிப் பக்கம் திரும்பினாலோ கழுதைகள். சாம்பல் நிறம், தாழ்ந்த விளக்கொளி ஏறத்தாழ 50 மீற்றர்க்கே எட்டும், மேலே சொன்ன கணக்கின்படி 100 இல் வருபவருக்கு 83 மீற்றர் வேண்டும். ஆகவே அம்பாந்தோட்டையிலிருந்து மீள்வோர் காலையிலேயே புறப்பட்டு, பொழுது சாயுமுன் பாலாவியைத் தாண்டிவிடுதல் நலம்.