ஒரு ஃபார்ம்... பல ரெக்கார்டுகள்!



ரெக்கார்டு என்றதும் லேப் ரெக்கார்டு நோட்டு ஞாபகம் வந்து பயந்துவிடாதீர்கள். இங்கே நாம் பார்க்கப் போவது டேட்டாபேஸ் ரெக்கார்டு. ஒரு ஆளைப் பற்றிய விவரங்கள் எல்லாம் சேர்ந்த ஒரு வரி, அவ்வளவுதான்.

1992-இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் அக்சஸை எடுத்துக்கொள்வோம். அதில் 'சிங்கிள் ஃபார்ம்' அமைத்தால் ஒரு நேரத்தில் ஒரு ரெக்கார்டுதான் தெரியும். அடுத்ததைப் பார்க்க அம்புக்குறியை அமுக்கணும். புதிதாக ஒருவரைச் சேர்க்க இது நல்ல முறை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க உதவாது.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்கிறீர்களா? எங்கள் ஊரில் பால் ஊற்றும் இடத்தில் முன்பு நீள நோட்டு இருந்தது. ஒரு பக்கத்தில் முப்பது பேர். என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, எண்கள் மட்டும் தெரியும். எட்டாவது வரி நம்முடையது, அதற்கு மேல் வரி பெரியம்மாவுடையது என்று அடையாளம் வைத்திருந்தார். "அக்காவும் நானும் ஒரே அளவுதானே ஊத்துனோம், எனக்கு மட்டும் ஏன் குறையுது?" என்று விரல் வைத்துக் கேட்பார். கணிப்பொறி வந்தபின் திரையில் ஒரே ஒரு பெயர். எதை வைத்துக் கேட்பது? நோட்டு கொடுத்த உரிமையைக் கணிப்பொறி பறிக்க வேண்டியதே இல்லை. வழி இதோ:

1. டிசைன் வியூவில் ஃபார்மின் ப்ராப்பர்ட்டியைத் திறந்து, 'டிஃபால்ட் வியூ' என்பதில் 'கன்டினியூவஸ் ஃபார்ம்ஸ்' என்று மாற்றுங்கள்.

2. தலைப்புகளை ஃபார்ம் ஹெடருக்குக் கொண்டுபோங்கள். டெக்ஸ்ட் பாக்ஸ்களை டீட்டெயில் பகுதியில் ஒரே வரிசையாக வைத்து, அந்தப் பகுதியின் உயரத்தைக் குறையுங்கள். குறைக்காவிட்டால் திரையில் ரெண்டு மூணு பேர்தான் தெரிவார்கள்.

3. உறுப்பினர் எண்படி வரிசைப்படுத்துங்கள். அப்போதுதான் வரிகள் தினமும் அதே முறையில் வரும்.

4. ஃபார்ம் ஃபுட்டரில் ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ் வைத்து =சம்([லிட்டர்]) என்று கொடுத்தால் மொத்தமும் கீழே வந்துவிடும்.

இனி கவனிக்க வேண்டியது. திரையில் முப்பது வரி தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒரே ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ்தான். அக்சஸ் அதையே ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் திரும்பத் திரும்ப வரைந்து காட்டுகிறது. ரப்பர் ஸ்டாம்பு ஒன்று, குத்தியது முப்பது தடவை என்று வைத்துக்கொள்ளுங்களேன்! ஆகவே பாக்கி உள்ளவரின் வரியைச் சிவப்பாக்க புரோகிராமில் நிறத்தை மாற்றினால் எல்லா வரியும் சிவந்துவிடும். எந்த ஃபீல்டோடும் சேராத டெக்ஸ்ட் பாக்ஸில் ஒரு வரியில் டைப் செய்தால், அது எல்லா வரியிலும் தெரியும். நிறத்துக்கு அக்சஸ் 2000 முதல் உள்ள 'கண்டிஷனல் ஃபார்மேட்டிங்' தான் சரியான வழி. அது வரிக்கு வரி நிபந்தனையைச் சரிபார்க்கும்.

இன்னொன்று. பல வரி தெரிந்தாலும் 'நடப்பு ரெக்கார்டு' ஒன்றுதான். பட்டனை அமுக்கினால் வேலை நடப்பது அதில்தான். 'பணம் கொடுத்தாச்சு' என்ற டிக் ஒரு வரி தள்ளி விழுந்தால், ஒரு வீட்டின் பால் பணமே போச்சு! ஆகவே பார்ப்பதற்கு உள்ள ஃபார்மில் 'அலவ் எடிட்ஸ்', 'அலவ் அடிஷன்ஸ்', 'அலவ் டெலிஷன்ஸ்' மூன்றையும் 'நோ' ஆக்குங்கள். திருத்த வேண்டுமானால் அந்த ஒரு ஆளின் பெயரோடு தனியாக ஒரு சிங்கிள் ஃபார்ம் திறக்கட்டும்.

ஆரக்கிள் ஃபார்ம்ஸில் இதே வேலையை 'நம்பர் ஆஃப் ரெக்கார்ட்ஸ் டிஸ்ப்ளேடு' என்ற ப்ராப்பர்ட்டி செய்கிறது. பழைய ஃபாக்ஸ்புரோவில் 'பிரவுஸ்' என்ற ஒரே கட்டளை போதும். மென்பொருள் எதுவானாலும் தத்துவம் ஒன்றுதான்.

இறுதியாண்டு புராஜெக்ட் செய்யும் நண்பர்களே! ஃபார்மை வைவாவில் காட்டுவதற்கு முன், கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கப் போகிற ஒருவரிடம் காட்டுங்கள். தன் வரியை அவர் தானே கண்டுபிடித்துவிட்டால் உங்கள் ஃபார்ம் பாஸ்!