மகாவீராசாரியாரும் என் கடை வாடகையும்

செகந்திராபாத்திலிருந்து வாடி போகிற ரயில் பாதையில், தாண்டூரும் சேடமும் தாண்டினால் மால்கேட் ரோடு என்று ஒரு ஸ்டேஷன் வரும். அந்த மால்கேட்தான் ராஷ்டிரகூடர்களின் தலைநகரமான மானியகேடம். அங்கிருந்து ஆண்ட அமோகவர்ஷ மன்னரைப் போற்றித் தொடங்கும் நூல் ‘கணித சார சங்கிரகம்’. சுமார் கி.பி. 850-இல் இதை எழுதியவர் நம் சமண ஆசிரியர் மகாவீராசாரியார். 11-ஆம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் இதைத் தெலுங்கில் தந்தார். 1912-இல் சென்னையில் ரங்காசாரியார் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

எதிர்மறை எண்ணுக்கு வர்க்கமூலம் கிடையாது என்று அந்நூல் சொல்கிறது. அது என்ன என்று எனக்கு விளங்கியது நாச்சாரத்தில், என் பாத்திரக் கடைக் கல்லாவில்தான்.

எளிமைக்காக முழு எண்களாகவே சொல்கிறேன். கடையில் எவர்சில்வர் டபரா செட் மட்டுமே விற்பதாக வைத்துக்கொள்வோம். கொள்முதல் 40 ரூபாய். விலையை ‘வி’ என்போம். ஒரு ரூபாய் ஏற்றினால் நாளைக்கு ஒரு செட் குறையும். அதாவது விற்பது 100 − வி. (வியாபாரிக்கு இந்த மதிப்பு மனசிலேயே இருக்கும்.) வரவு 100வி − வி². நாள் வாடகை 500 என்றால் செலவு 40(100 − வி) + 500, அதாவது 4500 − 40வி.

இப்போது வரைபடத்தாளை எடுங்கள். படுக்கை அச்சில் விலை, 10 ரூபாய்க்கு ஒரு சென்டிமீட்டர். நிமிர்ந்த அச்சில் பணம், 250 ரூபாய்க்கு ஒரு சென்டிமீட்டர். வரவுக்கு விலை 0, 20, 40, 50, 60, 80, 100 என்று புள்ளி வைத்து, ஸ்கேல் இல்லாமல் கையால் இணைத்தால், கவிழ்த்த கிண்ணம் போல் ஒரு பரவளையம் வரும். செலவு நேர்கோடு, அதற்கு இரண்டு புள்ளி போதும். இரண்டும் வெட்டும் இடங்கள் வி = 50, வி = 90. ஐம்பதுக்கு விற்றால் வரவு 2500, செலவும் 2500. தொண்ணூறுக்கு விற்றால் இரண்டும் 900. நடுவே வளைவு மேலே, கோடு கீழே, அதுதான் லாபம். எழுபதில் அது அதிகபட்சம், 400 ரூபாய்.

வாடகை ஏறினால் கோடு சாயாது, அப்படியே மேலே நகரும். 900-இல் வளைவை வி = 70-இல் தொட்டு நிற்கும்; விடை ஒன்றே. 1000-இல் தொடாமலே போய்விடும். அப்போது சமன்பாடு வி² − 140வி + 5000 = 0. மூலத்துக்குள் 140² − 4×5000, அதாவது −400. ஆசாரியார் சொன்ன இடம் இதுதான்! எந்த விலைக்கு விற்றாலும் நாளைக்கு நூறு ரூபாயாவது நஷ்டம்.

ஒரு எச்சரிக்கை. வாடகை 890 என்றால் வெட்டும், 910 என்றால் வெட்டாது. ஆனால் இந்தத் தாளில் பத்து ரூபாய் என்பது 0.4 மில்லிமீட்டர், பென்சில் கோட்டின் தடிமன்! அங்கே கண்ணை நம்பாதீர்கள். 890-க்கு மூலத்துக்குள் +40, 910-க்கு −40. கூட்டிக் கழித்துப் பார்த்தால்தான் தெரியும். படம் நிலைமையைக் காட்டும், தீர்ப்பைக் கணக்குதான் சொல்லணும்.

கட்டிடக்காரர் ஆயிரம் கேட்டபோது நான் விலையை 60, 70, 80 என்று மூன்று மாதம் மாற்றிப் பார்த்துக் கைக்காசை இழந்தேன். தாளில் கோடு போட்டது அதற்கப்புறம். அடுத்த வாரமே சாவியைக் கொடுத்துவிட்டேன்.