சன்னலோரத்தில் பிறந்த போர்வை

மருத்துவமனைக்குச் செல்லும் பயணத்தை எவரும் சுற்றுலா என்று சொல்வதில்லை. மார்பகப் புற்றுநோய் அறுவைச் சிகிச்சைக்குப் பின் 21 நாள்களுக்கு ஒருமுறை அம்மாவைக் காரைக்குடியிலிருந்து சென்னைக்குக் கீமோதெரபிக்காக அழைத்துவந்த சகோதரிகள் நாங்கள். முதல் பயணத்தில் மூவரும் அதிகம் பேசவில்லை. மருத்துவக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, ரயில் எப்போது எழும்பூரைச் சேரும் என்று மட்டுமே எண்ணியிருந்தோம்.

அம்மா நாற்பது ஆண்டுகள் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தவர். ரவிக்கை தைத்தபின் எஞ்சும் துணித்துண்டு ஒன்றையும் எறியமாட்டார்; சாக்குப்பை ஒன்றில் சேர்த்துவைப்பார். அறுவைச் சிகிச்சைக்குப் பின் அந்த இயந்திரம் உறைபோட்டபடியே கிடந்தது.

இரண்டாம் பயணத்தில் திருச்சியைக் கடந்து கொள்ளிடப் பாலத்தில் ரயில் சென்றபோது, “அங்கே பாருங்கடி, மணலுக்கு நடுவிலே தண்ணி நூல் மாதிரி ஓடுது” என்றார் அம்மா. பிறகு பென்சில் கேட்டார். இரத்தப் பரிசோதனை ரசீதின் பின்புறத்தில் நான்கு கோடுகள் வரைந்தார். அரியலூரைத் தாண்டியதும் வயல்வரப்புகள். செங்கற்பட்டில் கொளவாய் ஏரியின் மேல் விழுந்த வெயில். எதையும் உள்ளபடியே அவர் வரையவில்லை. கோட்டையும் நிறத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டார். ஊர் திரும்பியதும் சாக்குப்பையை அவிழ்த்தார்.

ஆங்கிலத்தில் குயில்ட் எனப்படும் துண்டுத்துணிப் போர்வை மூன்று அடுக்குகளால் ஆனது. மேலே, துண்டுகளை இணைத்துத் தைத்த பரப்பு. நடுவே, பஞ்சு அல்லது பழந்துணி. அடியில், ஒரே துணி. மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையலே அவற்றை ஒன்றாகப் பிடித்துவைக்கிறது. வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் காந்தாவும், கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தியும் இதன் உறவுகளே. கவந்தியை ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துச் செல்வார்கள். நான்கு மூலைகளிலும் மடித்த முக்கோணத் துணிகளைப் பூவென வைத்தால்தான் அது முழுமை பெறும் என்பது அவர்களது வழக்கம்.

வெளியே பார்க்கப் பழகிய கண் வீட்டையும் புதிதாகப் பார்த்தது. எங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகையின் மீது உலோக அச்சை வைத்து, வண்ணச் சிமென்ட் கலவையை ஊற்றித் தரைக்கற்கள் செய்கிறார்கள். சூளையில் சுடாமல் நீரில் ஊறவைத்தே இறுகச் செய்கிறார்கள். சில வடிவங்களில் நான்கு கற்கள் கூடினால்தான் ஒரு பூ முழுமையாகும். வாழ்நாளெல்லாம் மிதித்து நடந்த அந்தத் தரையை அம்மா மண்டியிட்டுப் பார்த்தார். ஆறு அங்குலச் சதுரங்கள், வரிசைக்கு ஏழாக ஒன்பது வரிசைகள், மொத்தம் 63 என்று கணக்கிட்டார். மருந்தேற்றும் அறையின் குளிருக்கு மடியில் போர்த்திக்கொள்ள அந்த அளவு போதும் என்றார்.

நான்காம் சிகிச்சைக்குப் பின் அவருடைய விரல்நுனிகள் மரத்துப்போயின. ஊசி குத்தியதே தெரியாமல் துணியில் இரத்தப்பொட்டு படிந்ததைக் கண்டு அஞ்சினோம். மருத்துவரிடம் சொன்னோம். சில மருந்துகளால் நரம்புகள் இவ்வாறு பாதிக்கப்படுவதுண்டு என்று விளக்கி, தையலை நிறுத்தச் சொன்னார். அன்றிரவு அம்மா அந்தப் பையைத் திரும்பக் கட்டி வைத்தார். எங்களுக்கு அது முதல் நாள் நோயறிக்கையைவிடக் கனமாக இருந்தது.

மறுநாள் நாங்கள் அந்தப் பையை அவிழ்த்தோம். எங்களில் ஒருவருக்குப் பொத்தான் தைக்க மட்டுமே தெரியும். மற்றவருக்கு அதுவும் தெரியாது. அம்மா நிறத்தையும் இடத்தையும் சொன்னார், நாங்கள் தைத்தோம். கொள்ளிடத்தின் நீர்க்கோடு எங்கள் கையில் கோணலாகப் போயிற்று. பிரித்துத் தைக்கவா என்று கேட்டோம். “ஆறு என்ன நேராவா ஓடுது?” என்றார்.

ஆறாவது சிகிச்சையின்போது அந்தப் போர்வை அவர் மடியில் இருந்தது. நான்கு மூலைகளிலும் கவந்தியைப் பார்த்து வைத்த முக்கோணப் பூக்கள் இருந்தன. பக்கத்து இருக்கையில் இருந்த அம்மையார் ஒரு பச்சைச் சதுரத்தைத் தொட்டு, “இது எந்த ஊர்?” என்று கேட்டார்.

எங்களைப் போல் பயணம் செய்வோருக்குச் சில சொற்கள். சிறு குறிப்பேடும் பென்சிலும் கைவசம் இருக்கட்டும். ஓடும் வண்டியில் ஊசி வேண்டாம். பழந்துணியைத் துவைத்து வெயிலில் காயவைத்த பின்னரே பயன்படுத்துங்கள். சிகிச்சைக் காலத்தில் வெள்ளணுக்கள் குறைவதால் சிறு ஊசிக்காயமும் தொற்றுக்கு வழியாகலாம். அக்குளில் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டவர்கள் அந்தப் பக்கத்துக் கையைக் கூடுதலாகக் காக்கவேண்டும். ஆகவே மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். விரல்நுனியில் உலோகத் தொப்பி அணியுங்கள். விரல்கள் மரத்தால் மறைக்காமல் சொல்லுங்கள். தைக்க இயலாத நாளில் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதும் தையலில் பாதி வேலைதான்.

அம்மா இப்போது மறுபரிசோதனைக்கு மட்டும் வருகிறார். விரல்களில் உணர்வு மெல்லத் திரும்பி வருகிறது. பயணச்சீட்டு எடுக்கும்போதெல்லாம் சன்னலோர இருக்கை கிடைத்ததா என்றுதான் முதலில் கேட்கிறார்.