மிதித்தால் ‘டிக் டிக்’ – காரில் எழும் ஓசையின் காரணம் என்ன?

தோட்டப்புறங்களில் வாழும் நம்மில் பலருக்குக் கார் என்பது ஆடம்பரப் பொருளன்று. பிள்ளைகளைப் பட்டணத்துப் பள்ளிக்கும், முதியோரை மருத்துவமனைக்கும் கொண்டு சேர்ப்பது அதுதான். பெரும்பாலும் அது பிறர் ஓட்டிய பழைய காராகவே இருக்கும். அத்தகைய கார், எக்ஸலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் ‘டிக், டிக்’ என்று ஓசையெழுப்பினால் மனம் கலங்கத்தானே செய்யும்? பட்டறையில், “ஏதோ சத்தம் வருகிறது, பாருங்கள்” என்று மட்டும் சொன்னால், பழுதில்லாத பாகத்தையும் மாற்றிப் பணம் கட்ட நேரலாம். ஆகவே, அந்த ஓசை எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் நாமே கண்டறிய முயல்வோம்.

எக்ஸலரேட்டரை மிதிக்கும்போது மூன்று காரியங்கள் நிகழ்கின்றன. எஞ்சின் விரைந்து சுழல்கிறது. சக்கரங்கள் விரைந்து உருள்கின்றன. எஞ்சினின் ஆற்றலைச் சக்கரத்திற்குக் கொண்டு செல்லும் பாகங்கள்மீது சுமை ஏறுகிறது. இம்மூன்றில் எதனோடு சேர்ந்து ஓசை வருகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

முதற் சோதனையைக் காரை நிறுத்தி வைத்தே செய்யலாம். திறந்த வெளியில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, எக்ஸலரேட்டரை மெல்ல மிதிப்போம். இப்போதும் ஓசை கேட்டால் அது எஞ்சின் பக்கத்தைச் சேர்ந்தது. உடனே எஞ்சினை நிறுத்தி, சில நிமிடங்கள் கழித்து எண்ணெயின் அளவைப் பார்க்க வேண்டும். எண்ணெய் குறைந்தால் வால்வுப் பகுதியில் இத்தகைய ஓசை எழும். எண்ணெய் சரியாக இருந்தால் வால்வு இடைவெளியைப் பட்டறையில் சரிபார்க்கச் சொல்லலாம். காலையில் பலமாகக் கேட்டு, எஞ்சின் சூடேறியதும் ஓசை அடங்கினால், புகைக்குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் கசிவு இருக்கலாம். அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நச்சு வாயு. ஆதலால் அதனை நாள் கடத்தலாகாது.

இரண்டாவது சோதனை எண்ணிக்கை. சிறிய காரின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.8 மீட்டர் உருளும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 3 முறை சுற்றும். எஞ்சினோ நிமிடத்திற்கு 2,000 முறை சுழலும்போது, ஒவ்வொரு வால்வும் நொடிக்குப் பதினாறு முறைக்கு மேல் திறந்து மூடும். ஆகவே, மெதுவாகச் செல்லும்போது எண்ணக்கூடிய ஓசை சக்கரத்தினுடையது. எண்ண முடியாமல் படபடக்கும் ஓசை எஞ்சினுடையது.

சக்கரத்தின் ஓசை, எக்ஸலரேட்டரிலிருந்து காலை எடுத்த பின்னும் கார் உருளும்வரை தொடர்ந்தால், டயரின் பள்ளத்தில் சிறு கல் சிக்கியிருக்கலாம். சக்கர மூடி ஆடலாம். இவை அற்பக் காரணங்கள். ஆனால் சக்கர நட்டுகள் தளர்ந்திருந்தாலும் இதே ஓசைதான் வரும்! அப்படியே ஓட்டினால் சக்கரமே கழன்றுவிடும். ஆகவே, வேறெதையும் பார்க்குமுன் காரை ஓரங்கட்டி, நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்கிவிட வேண்டும்.

ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே மிதிக்கும்போது மட்டும் ஓசை வந்தால் என்ன பொருள்? 1985ஆம் ஆண்டில் வெளிவந்த புரோட்டான் சாகா முதல், நம் நாட்டுச் சிறிய கார்கள் பலவற்றில் எஞ்சின் முன்சக்கரங்களையே இயக்குகிறது. அச்சக்கரங்கள் ஒரே நேரத்தில் சுழலவும் வேண்டும், இடம் வலமாகத் திரும்பவும் வேண்டும். இதற்கு உதவுவது சி.வி. ஜாயிண்ட் என்னும் மூட்டு. பெரும்பாலும் அதனுள் ஆறு எஃகு உருண்டைகள் பள்ளங்களில் உருண்டு ஆற்றலைக் கடத்தும். அதனை மூடியிருக்கும் ரப்பர் உறை கிரீஸை உள்ளே காக்கும். உறை கிழிந்தால் கிரீஸ் சிதறி வெளியேறும். செம்மண் புழுதியும் மழைநீரும் உட்புகும். பள்ளங்கள் தேய்ந்துபோக, உருண்டைகள் இடிபட்டு ‘டிக் டிக்’ என்னும்.

இதனை அறிய, ஆளரவமற்ற திடலில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, முதல் கியரில் மெதுவாக வட்டமிட்டு, சற்றே மிதித்துப் பார்ப்போம். இடப்புறம் திரும்பும்போது ஓசை வந்தால் பெரும்பாலும் வலப்புற மூட்டிலும், வலப்புறம் திரும்பும்போது வந்தால் இடப்புற மூட்டிலும் பழுது இருக்கும்.

ஓசை வருமுன்னே கிழிசலைக் கண்டால், மூட்டைத் துடைத்துப் புதிய கிரீஸும் உறையும் இட்டால் போதும், செலவு குறைவு. ஓசை வந்துவிட்டாலோ தேய்ந்த எஃகைக் கிரீஸ் சரிசெய்யாது. மூட்டையே மாற்ற வேண்டும். ஆகையால் மாதம் ஒருமுறை, கார் நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பி வைத்து, முன்சக்கரத்தின் உட்புறத்தில் கரிய கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பார்ப்பது நலம். வெறும் ஜாக்கை நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் நுழையக் கூடாது.

மேட்டில் ஏறும்போது மட்டும், தகர டப்பாவில் கற்களைக் குலுக்கியது போன்ற ஓசை வருவதும் உண்டு. எஞ்சினுள் பெட்ரோல் கலவை முறைதவறி எரிவதே காரணம். கியரைக் குறைத்து ஏறுவதும், கார்க் கையேடு கூறும் தரத்தில் பெட்ரோல் ஊற்றுவதும் முதல் மருந்து. அப்படியும் நீங்காவிட்டால் பட்டறையில் காட்ட வேண்டும்; நெடுநாள் விட்டால் பிஸ்டன் பழுதாகும்.

நேயர்களே, நினைவில் கொள்வோம். நிற்கும்போதும் கேட்டால் எஞ்சின். உருளும்போதெல்லாம் கேட்டால் சக்கரம். திரும்பி மிதிக்கையில் கேட்டால் மூட்டு. மேட்டில் மட்டும் கேட்டால் எரியும் முறை. இந்த ஒரு விவரத்தோடு பட்டறைக்குச் சென்றால் மெக்கானிக்கின் வேலையும் குறையும், நம் செலவும் குறையும்.