பாக்டீரியாக்களின் நோயெதிர்ப்பு முறைமை

பாக்டீரியாக்களின் நோயெதிர்ப்பு முறைமை என்பது, உயிரணுவினுள் நுழையும் அயல் டி.என்.ஏ.வை இனங்கண்டு நொதிகளால் வெட்டி அழிக்கும் ஏற்பாடுகளைக் குறிக்கும். பாக்டீரியாக்களைத் தாக்கும் தீநுண்மங்கள் (வைரசுகள்) பாக்டீரியாத் தின்னிகள் எனப்படுகின்றன. இவை தமது டி.என்.ஏ.வை உயிரணுவினுள் செலுத்தி, அங்கேயே பெருகி, பெரும்பாலும் அதனை உடைத்துக்கொண்டு வெளியேறுகின்றன. தின்னியின் டி.என்.ஏ.வும் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வும் பொதுவாக ஏ, டி, ஜி, சி என்னும் அதே நான்கு எழுத்துக்களால் ஆனவை. எனவே வெட்டுவதைக் காட்டிலும், எதை வெட்டக்கூடாது என்று அறிவதே கடினமானது. தன் மரபுத்தொகுதியைத் தானே வெட்டிக்கொள்ளும் பாக்டீரியா பெரும்பாலும் பிழைப்பதில்லை.

தடைக்கட்டு நொதிகள்

ஒரு பாக்டீரியா வகையில் வளர்ந்த தின்னி வேறொரு வகையில் சரிவரப் பெருகாததை 1950களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் கவனித்தனர். இதன் காரணத்தை 1960களில் சுவிட்சர்லாந்தின் வெர்னர் ஆர்பர் விளக்கினார். இம்முறையில் இரு வேலைகள் உண்டு. ஒரு நொதி குறிப்பிட்ட எழுத்து வரிசையைக் கண்டால் வெட்டும். மற்றொன்று, சொந்த டி.என்.ஏ.வில் அதே வரிசை வரும் இடங்களில் மெத்தில் தொகுதியை ஒட்டவைக்கும். மெத்தில் குறியுள்ள இடத்தை வெட்டும் நொதி தொடுவதில்லை.

எடுத்துக்காட்டாக, ஈகோ ஆர்1 என்னும் நொதி ஜிஏஏடிடிசி என்ற வரிசையை வெட்டுகிறது. எசரிக்கியா கோலை பாக்டீரியாவின் ஏறத்தாழ 46 இலட்சம் எழுத்திணைகளில் இவ்வரிசை பல நூறு இடங்களில் வரும். அந்நொதியைக் கொண்டுள்ள உயிரணு அவை அனைத்தையும் குறியிட்டாக வேண்டும். டி.என்.ஏ. இரட்டிக்கும்போது பழைய இழையிலுள்ள குறியே புதிய இழையையும் காக்கிறது. ஆயினும் இக்குறி ஒரு முத்திரை மட்டுமே. அரிதாகத் தின்னியின் டி.என்.ஏ. வெட்டுப்படுமுன் குறி பெற்றுவிட்டால், அதன் வழித்தோன்றல்கள் அவ்வகைப் பாக்டீரியாவில் தடையின்றிப் பெருகும்.

ஆர்பர், ஹாமில்டன் சுமித், டேனியல் நாதன்சு ஆகியோர் 1978ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

கிரிஸ்பர்

1987இல் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எசரிக்கியா கோலையின் டி.என்.ஏ.வில் இடைவெளி விட்டுத் திரும்பத்திரும்ப வரும் வரிசைகளைக் கண்டனர். அவற்றின் பயன் அப்போது விளங்கவில்லை. இடைவெளிகளில் உள்ள துண்டுகள் பல தின்னிகளின் டி.என்.ஏ.வுடன் ஒத்திருப்பது 2005இல் தெரியவந்தது. 2007இல் டேனிசுக்கோ நிறுவன ஆய்வாளர்கள், தயிர் தயாரிப்பில் பயன்படும் இசுட்ரெப்டோகாக்கசு தெர்மோபிலசு பாக்டீரியாவைத் தின்னிகளுக்கு ஆட்படுத்தினர். பிழைத்தவற்றில் அத்தின்னியின் துண்டுகள் புதிதாகச் சேர்ந்திருந்தன. துண்டை நீக்கியபோது எதிர்ப்பும் நீங்கியது.

இதனைக் கணினியின் நச்சுநிரல் தடுப்பு மென்பொருளுடன் ஒப்பிடுவதுண்டு. ஒப்புமை ஓரளவே பொருந்தும். மென்பொருளுக்குப் பட்டியலை வேறொருவர் அனுப்ப வேண்டும். பாக்டீரியாவோ தானே எழுதிக்கொள்வதோடு, தன் சந்ததிக்கும் அதைக் கடத்துகிறது.

சேமித்த துண்டுகள் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டு, காஸ் புரதங்களுக்கு வழிகாட்டிகளாகின்றன. இசுட்ரெப்டோகாக்கசு பயோஜெனசின் காஸ்9 புரதம் முழு டி.என்.ஏ.வையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுவதில்லை. முதலில் பி.ஏ.எம். எனப்படும் சிறு வரிசையைத் தேடுகிறது. இது ஏதேனும் ஓர் எழுத்தும் அதனையடுத்து இரு ஜி எழுத்துக்களும் கொண்டது. அது கிடைத்த இடத்தில் மட்டும் இழைகளைப் பிரித்து, அருகிலிருந்து தொடங்கி 20 எழுத்துக்களை வழிகாட்டியுடன் ஒப்பிடுகிறது. பொருந்தினால் பி.ஏ.எம்.இலிருந்து மூன்று எழுத்துக்கள் தள்ளி இரு இழைகளையும் வெட்டுகிறது.

அப்படியானால் பாக்டீரியா சேமித்து வைத்துள்ள அதே துண்டு ஏன் வெட்டப்படுவதில்லை? தின்னியிலிருந்து துண்டு எடுக்கப்படும்போது பி.ஏ.எம். சேர்க்கப்படுவதில்லை. சேமிப்பில் அதன் அருகே இருப்பது திரும்பவரும் வரிசையே. அதில் அவ்விடத்தில் பி.ஏ.எம். கிடையாது. முத்திரையோ காவலோ இன்றி, ஒரு சிறு வரிசை இல்லாமையே இங்கு பாதுகாப்பாகிறது.

காஸ்9ஐ விரும்பிய இடத்தில் வெட்டச் செய்யலாம் என 2012இல் காட்டிய எம்மானுவேல் சார்ப்பென்டியர், ஜெனிபர் டவுட்னா ஆகியோருக்கு 2020இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

தின்னிகளின் எதிர்வினை

தின்னிகளும் சும்மா இருப்பதில்லை. டி4 என்னும் தின்னி தன் சி எழுத்துக்களை மாற்றியமைத்து, அவற்றில் சர்க்கரை மூலக்கூறுகளை ஒட்டிக்கொள்வதால் பல தடைக்கட்டு நொதிகளுக்குத் தப்புகிறது. கிரிஸ்பரை ஏய்க்கப் பல வேளைகளில் பி.ஏ.எம்.இல் ஓர் எழுத்து மாறினாலே போதும். கிரிஸ்பரை முடக்கும் புரதங்கள் தின்னிகளில் உள்ளதும் 2013இல் வெளியானது. பின்னர் அறியப்பட்டவற்றுள் ஒன்று டி.என்.ஏ.வைப் போல் நடித்து, காஸ்9 பி.ஏ.எம்.ஐப் பற்றும் இடத்தையே அடைத்துக்கொள்கிறது.