உப்பு விழுவதற்கு முன் ஒரு நிமிடம்

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பிடித்துக்கொண்டால் போதும், மணலூர்பேட்டையில் பாத்திரம் தேய்க்கிற கல்லடிக்கு அது வந்துவிடும். இருட்டியபின் விளக்கைப் போட்டுப் பார்த்தால், ஈரச் சிமெண்டுத் தரையில் விரல் நீளத்துக்குக் கறுப்பாக ஒன்று கிடக்கும். முதுகு நடுவில் சுண்ணாம்புக் குச்சியால் இழுத்துவிட்ட மாதிரி ஒரு வெளிர் கோடு. "ஐயோ, அட்ட!" என்று யாராவது கத்துவார்கள். "உப்ப எடுத்தாடா" என்பார் ஆயா. ஒரு பிடி உப்பு விழும். அது நுரை தள்ளிச் சுருண்டுவிடும். காலையில் துடைப்பத்தால் தள்ளி ஜலதாரையில் விட்டால் முடிந்தது கதை.

உப்பு விழுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் கிடைத்தால் என்னவெல்லாம் பார்க்கலாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர். அட்டை என்கிற சொல்லுக்கு நம்மிடம் வேலை அதிகம். வால்பாறைப் பக்கம் காலில் ஏறி ரத்தம் குடிப்பதும் அட்டை. தொட்டால் சுருண்டுகொள்ளும் மரவட்டையும் அட்டை. கல்லடியில் கிடக்கும் இந்த வழவழப்பும் அட்டை. மூன்றும் மூன்று சாதி உயிர்கள். ரத்த அட்டை மண்புழுவின் உறவு. உடம்பெல்லாம் வளையம் வளையமாக இருக்கும், தலையில் கொம்பு கிடையாது. மரவட்டைக்கு எண்ணிக்கொள்ள முடியாத அளவுக்குக் கால்கள். நம் கல்லடி விருந்தாளிக்குக் காலும் இல்லை, வளையமும் இல்லை. தலையில் கொம்பு மட்டும் உண்டு. கழனித் தண்ணீரில் பிடித்து வேகவைத்துத் தின்கிறோமே நத்தை, அதன் கூட்டம் இது. கிளிஞ்சலும் கணவாயும்கூட அந்தக் கூட்டம்தான். ரத்தம் குடிக்காது. கடிக்கவும் கடிக்காது.

அதனால் எழுத்தில் ஓடில்லா நத்தை என்கிறோம். இந்தப் பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஓடில்லா நத்தை என்றதும், நத்தையில் ஒரு குடும்பம் எப்போதோ ஓட்டைத் தொலைத்துவிட்டது, அதன் வாரிசுகள்தான் இவையெல்லாம் என்று நினைத்துவிடுகிறோம். நடந்தது அப்படியில்லை. நத்தைகளில் வெவ்வேறு வம்சங்கள், வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நிலத்தில், தனித்தனியாக ஓட்டை விட்டிருக்கின்றன. ஊரில் இருக்கிற வழுக்கைத் தலைக்காரர்களையெல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்ல முடியுமா? அது போலத்தான்.

ஓட்டை ஏன் விட வேண்டும்? ஓடு கட்டச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். மண்ணிலும் இலையிலும் அது குறைவாக உள்ள இடத்தில் ஓடு பெரிய செலவு. ஓடு இல்லாவிட்டால் செங்கல் இடுக்கிலும் மரப்பட்டைக்கு அடியிலும் நுழைந்துகொள்ளலாம். அதற்குக் கொடுக்கிற விலை ஈரம். வெயில் வந்தால் உள்ளே போய்க் கதவடைத்துக்கொள்ள வீடு கிடையாது.

ஓட்டை விட்டதில் அரைகுறைகளும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் மரியெல்லா டுசுமியெரி என்றொரு ஓடில்லா நத்தை இருக்கிறது. கேரளத்து ரப்பர் தோட்டங்களில் மரம் சீவிய இடத்துக்கு ஏறி வந்து பாலைக் குடிப்பதால் தோட்டக்காரர்களுக்கு அது பழைய எதிரி. அதன் முதுகுத் தோலுக்கு அடியில், நகம் போல மெல்லியதாக, ஓட்டின் மிச்சம் ஒளிந்திருக்கும். அரியோபாந்திடே என்கிற குடும்பத்தைச் சேர்ந்தது. நம் தோட்டங்களில் சாதாரணமாகத் திரியும் ஓடுள்ள நத்தைகள் பல அதே குடும்பம். ஆக, மரியெல்லாவுக்கு ஓடுள்ள நத்தைதான் நெருங்கிய பங்காளி. கல்லடியில் கிடக்கும் நம் கறுப்பு ஆசாமி அல்ல.

நம் ஆசாமியின் குடும்பம் வெரோனிசெல்லிடே. உலகத்தின் வெப்பமான பகுதிகளில் பரவிய குடும்பம். நம் பக்கத்து வீடுகளில் அதிகம் தென்படுவது லேவிகாலிஸ் அல்டே என்ற இனம். இதற்கு ஓட்டின் மிச்சம்கூட உடம்புக்குள் எங்கும் இல்லை. இந்தக் குடும்பத்தை அடையாளம் காண மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். கொம்பு, மூச்சுத்துளை, வயிறு.

கொம்பை ஈர்க்குச்சியால் லேசாகத் தொடுங்கள். மேல் கொம்பு இரண்டின் நுனியிலும் புள்ளி போலக் கண் இருக்கும். சாதாரண நத்தையைத் தொட்டால் கொம்பு, காலுறையைக் கழற்றும்போது உள்பக்கம் வெளியே திரும்புகிற மாதிரி, நுனியிலிருந்து உள்ளே மடிந்து மறைந்துவிடும். இது அப்படி மடியாது. அப்படியே குட்டையாகும், பிறகு முதுகுத் தோலுக்கு அடியில் பதுங்கிக்கொள்ளும். கீழே இன்னொரு ஜோடி சின்னக் கொம்பு; நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். அதைத் தரையில் தட்டித் தட்டி மோந்துகொண்டே போகும். கண்கொம்பு சுருங்குகிற இந்த விதத்தை வைத்துத்தான் இந்தக் குழுவுக்கு சிஸ்டெல்லொமட்டோஃபோரா என்று பெயர் வைத்தார்கள். சுருங்கும் கண் தாங்கி என்று தோராயமாகச் சொல்லலாம். ஊரில் யாரும் இந்தப் பெயரைச் சொல்லி அடிக்கப் போவதில்லை, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மூச்சு. மற்ற ஓடில்லா நத்தைகளுக்கு உடம்பின் வலப்பக்கம், தலைக்குக் கொஞ்சம் பின்னால், ஒரு துளை திறந்து திறந்து மூடும். அதற்கு உள்ளே காற்றறை. நம் ஆசாமியின் வலப்பக்கத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அந்தத் துளை அகப்படாது. இந்தக் குடும்பத்துக்குக் காற்றறையே கிடையாது. தோலால் மூச்சு விடுகிறது. தோல் ஈரமாக இருந்தால்தான் காற்று உள்ளே கரையும். மழை பெய்த இரவில் மட்டும் வெளியே வருவதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. பழைய கண்ணாடிச் சில்லு ஒன்றின்மேல் அதை ஏற விட்டு, கண்ணாடியைத் தூக்கி அடியிலிருந்து பாருங்கள். வயிறு முழுவதும் காலாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். இருக்காது. நடுவில் ரிப்பன் மாதிரி ஒடுங்கிய ஒரு பட்டைதான் கால். அதன் இரண்டு பக்கமும் இருக்கும் அகலமான சதை, முதுகுத் தோல் வயிற்றுப்பக்கம் மடங்கி வந்தது. அதாவது தலையிலிருந்து வால்வரை முழு உடம்பையும் முதுகுத்தோல் ஒரு போர்வை போலச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மற்ற ஓடில்லா நத்தைகளுக்கு இந்தப் போர்வை தோள் துண்டு அளவுக்குத்தான். வலப்பக்கச் சதையின் நடுப்பகுதியில் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி தெரிந்தால் அது பெண் துவாரம். ஆண் துவாரம் அங்கே இல்லை. முன்னால், வாய்க்கு அருகில். ஒரே உடம்பில் இரண்டும் உண்டு.

மலத்துவாரமோ வால் நுனிக்கு அடியில். இதில் என்ன அதிசயம், எல்லோருக்கும் அங்கேதானே என்று கேட்கலாம். நத்தை உலகத்தில் அது அதிசயம்தான். ஓடுள்ள நத்தை கருவில் வளரும்போதே வயிற்றுப் பகுதி முறுக்கிக்கொண்டு திரும்பிவிடும்; மலத்துவாரம் முன்னால், தலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஓடு என்கிற ஒருவாசல் வீட்டுக்குள் குடியிருப்பவனுக்கு வேறு வழியில்லை. வீட்டைத் துறந்த இந்தக் குடும்பம் அந்த முறுக்கையும் அவிழ்த்துவிட்டது.

இதன் நெருங்கிய உறவினர் யார் என்று தேடினால் கடலோரத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அலையாத்திக் காட்டுச் சேற்றிலும் அலை அடித்து வடியும் பாறைகளிலும் வாழும் ஆங்கிடியம் வகைகள் இதே சிஸ்டெல்லொமட்டோஃபோராவில்தான் வருகின்றன. நம் ஊரைத் தொட்டுப் போகும் தென்பெண்ணை கடலூர் பக்கம் கடலில் சேருகிறது. உறவுமுறைப்படி பார்த்தால், கல்லடி ஆசாமிக்குப் பக்கத்துத் தோட்டத்து நத்தையைவிட அந்த முகத்துவாரப் பக்கத்துச் சேற்றுவாசி நெருக்கம்.

இந்தக் குடும்பத்தை வகைப்படுத்தியவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஓடுள்ள நத்தை என்றால் வேலை எளிது. உயிர் செத்தாலும் ஓடு பெட்டியில் நூறு வருஷம் இருக்கும். எத்தனை சுற்று, எந்தப் பக்கம் முறுக்கு, வாய் எப்படி என்று அளந்து எழுதிவிடலாம். இதைச் சாராயத்தில் போட்டால் சுருங்கி, நிறம் மாறி, எல்லாம் ஒரே பழுப்புக் கட்டியாகிவிடும். பிளாங்வில் 1817இல் வெரோனிசெல்லா என்ற பேரினப் பெயரை வைத்தார். ஃபெருசாக் 1822இல் நம் இனத்துக்கு அல்டே என்று பெயரிட்டார். இருவரும் பிரெஞ்சுக்காரர்கள். குடும்பப் பெயர் 1840இல் ஆங்கிலேயரான கிரே வைத்தது. லேவிகாலிஸ் என்ற பேரினம் வந்தது 1913இல்தான். ஜெர்மானியர் சிம்ரோத் வைத்தார். நடுவில் ஒரே உயிருக்குப் பல பெயர், பல உயிருக்கு ஒரே பெயர் என்று ஏகக் குழப்பம். வெளித்தோற்றத்தை நம்பிப் பயனில்லை என்று புரிந்தபின், அறுத்துப் பார்த்து, இனப்பெருக்க உறுப்புகளின் வடிவத்தை வைத்து இனம் பிரிக்கத் தொடங்கினார்கள். இன்றும் சந்தேகம் வந்தால் அறுத்துத்தான் பார்க்க வேண்டும். கூடவே மரபணுவும் பார்க்கிறார்கள். கைபேசியில் படம் எடுத்து அனுப்பி, இது எந்த இனம் என்று கேட்பவர்களுக்கு உறுதியான பதில் கிடைக்காததற்கு இதுவே காரணம்.

லேவிகாலிஸ் அல்டேயின் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. செடி, மண், மனிதப் போக்குவரத்து இவற்றோடு ஆசியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பசிபிக் தீவுகளுக்கும் பரவியது. ராட்சத ஆப்பிரிக்க நத்தையை 1847இல் பென்சன் என்ற வெள்ளைக்காரர் மொரீஷியஸிலிருந்து கொல்கத்தாவுக்குக் கொண்டுவந்து விட்டார் என்று வருஷத்தோடு சொல்ல முடிகிறது. இது வந்ததற்கு அப்படிச் சாட்சி கிடையாது. ஒரு தென்னங்கன்றின் வேர்மண்ணில் நாலு முட்டை இருந்தாலே போதும். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறந்துவிட்டார்களே, அந்த வெள்ளம் வடிந்தபின் கரையில் ஒதுங்கிய வாழைக்கட்டை ஒன்றைப் புரட்டினேன். அடியில் பெரிசும் சிறிசுமாக ஒட்டிக்கொண்டிருந்தன. எங்கிருந்து ஏறி வந்தனவோ.

முட்டைகளை ஈரமண் இடுக்கில் குவியலாக இடும். சளி நூலால் மணி கோத்த மாதிரி ஒன்றோடொன்று தொடுத்திருக்கும். மேலே தன் கழிவையே பூசி மூடிவைக்கும். அசிங்கம்தான், ஆனால் ஈரம் காயாமல் காக்கிற மூடி அது. குஞ்சு பொரிந்ததும் தாயைப் போலவே இருக்கும், அளவுதான் சிறிசு.

தை பிறந்து, ஐந்தாம் நாள் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வந்து ஆற்றுத் திருவிழாக் கூட்டம் மணலை மிதிக்கும் நேரத்தில், தேடினாலும் ஒன்று கண்ணில் படாது. மோட்டார் கொட்டாயின் ஈரச் செங்கலுக்கு அடியிலோ, வாய்க்கால் கரை வெடிப்பிலோ வட்டமாகச் சுருண்டு கிடக்கும். சுருண்டால் காற்றுப் படும் பரப்பு குறைகிறது. உடம்பு நீரில் நிறையப் போனாலும் தாங்கி, மறுபடி ஈரம் கண்டதும் குடித்து ஊறிக்கொள்ளும்.

இப்போது ஆயாவின் உப்பு ஏன் வேலை செய்கிறது என்பது விளங்கும். மூச்சு விடுவதற்காகவே மெல்லியதாக, நீர் புகும்படி இருக்கிற தோல் அது. உப்பு பட்டதும் உள்ளேயிருக்கும் நீரை வெளியே இழுத்துவிடுகிறது. அது தன்னைக் காத்துக்கொள்ளச் சளியைக் கக்குகிறது, அதுதான் நுரை. மெதுவாகக் காய்ந்து சாகிறது. ஊறுகாய் மாங்காயில் நடப்பதும் இதேதான், மாங்காய்க்கு வலிக்காது என்பது தவிர. அதே உப்பைச் செடியடியில் கொட்டினால் செடியும் வாடும்.

அதற்காகக் கொஞ்ச வேண்டியதும் இல்லை. கீரைப் பாத்தியிலும் நாற்றங்காலிலும் ஒரே இரவில் இளந்தளிரை வழித்துவிடும். வாய்க்குள் அரம் போல பல் வரிசை பதித்த நாக்கு இருக்கிறது. அதைவிட முக்கியமானது எலியிலிருந்து வரும் ஒரு புழு. எலியின் நுரையீரல் நாளத்தில் வளரும் இந்தப் புழுவை 1935இல் சீனாவின் கேன்டனில் கண்டு எழுதினார்கள். குஞ்சுப்புழு எலிப் புழுக்கையில் வெளியேறும். புழுக்கையை நத்தை தின்னும். நத்தையை எலி தின்னும். வட்டம் முடிந்தது. இடையில் மனிதன் வேகாத நத்தையையோ, நத்தை ஒட்டியிருந்த பச்சைக் கீரையையோ தின்றுவிட்டால், புழு வழி தெரியாமல் மூளைக்குப் போய் மூளைச்சவ்வில் அழற்சி உண்டாக்கும். லேவிகாலிஸ் அல்டே இந்தப் புழுவைச் சுமக்கக்கூடிய இனங்களில் ஒன்று. கீரையை இலை இலையாகப் பிரித்து ஓடும் தண்ணீரில் கழுவி, வேகவைத்துச் சாப்பிட்டால் பயமில்லை. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். குழந்தை எதையும் வாயில் வைக்கும்.

தோட்டத்தில் தொல்லை என்றால், சாயங்காலம் நனைத்த சாக்கு ஒன்றைப் பாத்தி ஓரத்தில் விரித்து வையுங்கள். விடியற்காலையில் புரட்டினால் பாதிப் பேர் அடியில் இருப்பார்கள். செங்கல் குவியலையும் மட்கிய மட்டையையும் செடிக்குப் பக்கத்தில் சேர்த்து வைக்காமல் இருந்தாலே கூட்டம் குறையும். கடையில் விற்கும் மெட்டால்டிஹைடு உருண்டையை, நாய் திரியும் வீட்டில் போடாதீர்கள். நாய் அதைத் தின்றால் செத்துப்போகும். செம்போத்து தோட்டத்துக்கு வந்தால் விரட்ட வேண்டாம். நத்தை அதற்குப் பிடித்த தீனி.

கல்லடியில் ஒன்றே ஒன்று கிடந்தால், பழைய காகிதத்தால் அள்ளிக் கொல்லைக் கோடியில் போட்டுவிடலாம். தவறிக் கையில் சளி ஒட்டிவிட்டால் உடனே தண்ணீரில் காட்டாதீர்கள். தண்ணீர் பட்டால் அது ஊறி இன்னும் பிசுபிசுக்கும். முதலில் காய்ந்த துணியிலோ சாம்பலிலோ நன்றாகத் தேய்த்து உருட்டி எடுங்கள். பிறகு சோப்பு.