வாசலில் குவிவதும் தடைதான்

'அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக வழக்கு' என்ற வரி நாளிதழ்களில் அடிக்கடி கண்ணில் படும். சட்டத்தின் ஆங்கில வடிவில் அதற்குரிய வினைச்சொல் 'அப்ஸ்ட்ரக்ட்'. பழைய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 186, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 221. இதைப் படித்துப் படித்து, தடை என்றாலே யாரோ வேண்டுமென்று குறுக்கே நிற்பதாக நினைத்துவிட்டோம். சொல்லின் லத்தீன் மூலத்துக்கோ எதிரே அடுக்குவது, குவிப்பது என்றுதான் பொருள். கட்டுவதைச் சொல்லும் 'கன்ஸ்ட்ரக்ட்', அழிப்பதைச் சொல்லும் 'டெஸ்ட்ராய்' இரண்டும் அதே வேரில் பிறந்தவை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 32-வது பிரிவில், தளமும் படியும் நடைவழியும் தடையின்றி இருக்க வேண்டும் என்றது. யார் வைத்தது, எதற்காக வைத்தார் என்ற கேள்விக்கே அங்கு இடமிருக்கவில்லை. பட்டாசு ஆலைகளை இந்தப் பொருளில்தான் பார்க்க வேண்டும்.

சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று ஒரு பட்டாசு ஆலை வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. உள்குத்தகை, அளவுக்கு மீறிய ஆட்கள் என்ற புகார்கள் அப்போது பெரிதாக எழுந்தன. பட்டாசு அறை சின்னது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, அறைக்கு அறை இடைவெளி வேண்டும். பொறி தட்டினால் ஆள் வெளியே பாய வேண்டும் என்பதுதான் இத்தனைக்கும் கணக்கு. உள்குத்தகை எடுத்தவர் தீபாவளிக்குள் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். ஆள் கூடும், மருந்து கூடும், அறை போதாமல் வேலை மரத்தடிக்கு வரும், மருந்து செலுத்திய குழாய்கள் வாசலை ஒட்டிக் காயும். யாரும் யாரையும் மறிக்கவில்லை; வழி மட்டும் அடைபட்டிருக்கும்.

உராய்வில் பிடிக்கும் மருந்து கண்ணிமைக்கும் நேரத்தில் வெடிக்கும்போது வாசல் காலியாக இருந்து என்ன பயன் என்று கேட்கலாம். மருந்து கலக்கும் அறைக்கு அந்தக் கேள்வி நியாயமே. மற்ற அறைகளுக்குப் பொருந்தாது. 2012 செப்டம்பர் 5-இல் சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து இறந்த 38 பேரில், முதல் வெடிச் சத்தம் கேட்டு ஓடி வந்தவர்களும் உண்டு. அடுத்தடுத்த வெடிகளுக்கு நடுவே கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் காலி வழி உயிர் காக்கும். தொழிலாளர்களே சரக்கை வாசலில் வைக்கிறார்கள் என்றும் சொல்வார்கள். எண்ணிக்கைக்குக் கூலி தரும் இடத்தில், சரக்கைத் தூக்கிக்கொண்டு குடோனுக்கு நடக்கும் நேரத்துக்குக் காசு யார் தருகிறார்கள்? ஆய்வுக்குப் போகும் அதிகாரிகள் நாக்பூர் வெடிபொருள் துறை தந்த லைசென்ஸைக் கேட்கும் முன், ஒவ்வொரு அறை வாசலிலும் என்ன குவிந்திருக்கிறது என்று பார்க்கட்டும்.